காற்றே வராத மைதானம்

பிரிதாவின் விரலை உடைத்தது ஓர் ஆட்டுக்கடா. ஃபரோ தீவுகளின் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் வழக்கமான கோல்கீப்பர். போலந்து ஆட்டத்துக்கு இன்னும் ஒன்பதே நாள். “யாரும் மலைக்கு ஆடு ஓட்டப் போகக்கூடாது” என்று பயிற்சியாளர் ஹானுஸ் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். மலையில் மேயும் ஆடுகளையெல்லாம் ஊருக்கு ஓட்டி வருகிற அக்டோபர் மாதத்தில் எங்கள் ஆட்களிடம் சொல்கிற பேச்சா அது? சித்தப்பா கூப்பிட்டார், போனாள், கொம்பைப் பிடித்தாள், விரல் போனது.

“பந்தை விட்டா ஒரு கோல். கடாவை விட்டா வருஷம் பூரா சித்தப்பாகிட்ட பேச்சு வாங்கணும்” என்று கட்டுப்போட்ட கையை ஆட்டி ஆட்டி நியாயம் வேறு பேசினாள்.

ஆக, இடம் ஹெர்வோருக்கு வந்தது. வயது முப்பத்துமூன்று, சால்மன் மீன் ஆலையில் வேலை. ஏழு வருஷமாக அணியில் இருக்கிறாள், நாட்டுக்காக ஒரு நிமிஷம்கூட மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. ‘பெஞ்சு பூனை’ என்று ஊரில் அவளுக்குப் பட்டப்பெயர். வைத்தவர்கள் யாரும் இன்று ஒப்புக்கொள்வதில்லை.

அவள் ஆடிப் பழகியதெல்லாம் கடலோரத்து ஊர் மைதானத்தில். அங்கே காற்றும் ஓர் ஆட்டக்காரர்தான். பந்தை நடுவுக்கு அனுப்ப வேண்டுமென்றால் மலையைப் பார்த்து உதைக்க வேண்டும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். கோல்கீப்பர் உதைப்பதற்குள் பந்து உருண்டு ஓடிவிடாமல் ஒருத்தி குனிந்து ஒற்றை விரலால் அதை அமுக்கிப் பிடித்திருப்பாள். பெரும்பாலும் அந்த விரல் கேப்டன் ரன்வாவுடையது. இருவருக்கும் அடுத்தடுத்த வீடு.

போலந்தில் சமன் செய்தால் போதும், மேல் பிரிவில் நிற்கலாம். தோற்றால் கீழே போக வேண்டியதுதான்.

அங்கே அன்று மழை, அதனால் அரங்கத்தின் கூரையை மூடிவிட்டார்கள். உள்ளே வந்ததும் ஹெர்வோர் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். எங்கள் நாட்டு ஜனம் மொத்தம் ஐம்பத்துநாலாயிரம். அங்கே நாற்காலிகளே அதைவிட அதிகம்.

“நம்ம நாட்டையே கொண்டாந்து உக்கார வைக்கலாம்டி” என்றாள் ரன்வா.

“வெச்சாலும் உன் மாமியார் இடம் பத்தலைன்னுதான் சொல்லும்.”

சொல்லிவிட்டாளே தவிர, ஹெர்வோரின் கண் மூலைக் கொடியிலேயே இருந்தது. கொடி தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இழைகூட அசையவில்லை. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கொடியை அவள் பார்த்ததில்லை. கோயிலுக்குள் நுழைந்தவள்போல் அவள் குரல் தானாகத் தணிந்தது.

பதினோராவது நிமிஷம் வலப்பக்கமிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. ஹெர்வோர் ஓடவில்லை, நின்றாள். ஊரில் அந்த உயரத்துப் பந்தைக் காற்று ஒரு நொடி நிறுத்தி, பிறகுதான் கீழே போடும். அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தாள். காற்று வரவில்லை. பந்து அவள் தலைக்கு மேலாகப் போய் வலையில் விழுந்தது.

அடுத்த முறை அவள் உதைக்கப் போகும்போது ரன்வா குனிந்து பந்தின்மேல் விரலை வைத்தாள். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது, பிறகு பின்வரிசைகளுக்கும் பரவியது.

“எதுக்குடி இதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன் நான்?” என்றாள் ரன்வா, குனிந்தபடியே.

“தெரியல. எந்திரிச்சுப் போ. இவங்களுக்கு இன்னும் ரெண்டு நாளைக்குப் பேச இது போதும்.”

இடைவேளையில் ஹானுஸ் திட்டுவார் என்று எல்லோரும் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஹெர்வோரிடம் ஒன்றுதான் கேட்டார்.

“காத்து வரும்னு நின்னியா?”

“ஆமா.”

“இங்க வராதும்மா. இங்க பந்து பொய் சொல்லாது. எங்க போறேன்னு சொல்லுதோ அங்கதான் போகும். நீ அதை நம்பு, போதும்.”

நம்புவதென்ன லேசா? முப்பத்துமூன்று வருஷத்துச் சந்தேகத்தைப் பதினைந்து நிமிஷத்தில் கழற்றி வைக்க வேண்டும். ஆனால் இரண்டாம் பாதியில் முதல் பந்து வந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. உதைத்தவளின் காலை விட்டுக் கிளம்பும்போதே அதன் பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது, கோடு போட்டதுபோல. அது வந்து சேரும் இடத்தில் அவள் முன்பே நின்றாள். பயம் போன இடத்தில் வியப்பு வந்து உட்கார்ந்தது.

அறுபத்துமூன்றாவது நிமிஷம் பந்தைக் கையில் பிடித்தவள், நடுமைதானத்தில் எங்கள் முன்கள ஆட்டக்காரி தோரா தனியாக ஓடுவதைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, ஆள் இருக்கிற இடத்தைப் பார்த்தே உதைத்தாள். பந்து சொல்லி வைத்ததுபோல் தோராவின் முன்னால் போய் விழுந்தது. தோரா தடுக்க வந்த ஒருத்தியைத் தாண்டி கோல் அடித்தாள். ஒன்றுக்கு ஒன்று. ஊரில் கம்பளி பின்னிக்கொண்டே டிவி பார்க்கும் எங்கள் பெண்கள் கூட்டத்தில் அன்று எத்தனை கண்ணி நழுவியதென்று கணக்கில்லை. அன்று பின்னிய, எங்கள் ஊர் சோர்லாக்கின் ஸ்வெட்டரில் இடது கை இன்றும் கொஞ்சம் நீளம்.

அதன்பிறகு நடந்ததை எந்த நக்கலும் இல்லாமல்தான் சொல்ல முடியும். அரைமணி நேரம் போலந்து விடாமல் அடித்தது. ஒன்றைக் காலால் தடுத்தாள், ஒன்றை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டாள், ஒன்று முகத்திலேயே பட்டது. பெஞ்சில் இருந்த பிரிதா உடைந்த விரலை மறந்து கைதட்டிவிட்டு, பிறகு அந்த வலிக்கும் சேர்த்து அழுதாள். கடைசி நிமிஷத்தில் உயரமான ஒருத்தி ஆறே அடி தூரத்தில் தலையால் முட்டினாள். ஹெர்வோர் அதைத் தட்டிவிடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள்.

விசில் ஒலித்தது.

“எந்திரிடி, முடிஞ்சிருச்சு. சமன்” என்று ரன்வா தூக்கிவிட்டாள்.

அரங்கமே எழுந்து நின்றது. சிரித்த முன்வரிசையும்தான். போலந்துக்காரர்கள் போலந்துக்கு எதிராகக் கைதட்டினார்கள்.

“யாருக்குத் தட்டுறாங்க?” என்றாள் ஹெர்வோர்.

“உன்னைத்தான் பாக்குறாங்க.”

அவள் நம்பவில்லை. யாராவது பெரிய ஆள் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் வலை மட்டும்தான் இருந்தது, காலியாக.