முயலுக்கு எவ்வளவு மருந்து

மனித நாகரிகம் இதுவரை செய்து முடித்த பொருள்களில் பொய் சொல்லத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அது முழு அளவு வெடிமருந்து போட்ட தேர்ட்டி-தேர்ட்டி ரைபிள் தோட்டா.

இதைச் சொன்னவர் டெல்மர் ஹாஸ்கெல். சொன்ன இடம், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் பெரோ மில்ஸ் ஊரின் இரும்புக் கடை. கடைக்காரர் மறுக்கவில்லை. தோட்டா விற்பவர் அவர்.

டெல்மரின் துப்பாக்கி அவருடைய அப்பா வைத்திருந்த, லிவரை இழுத்துச் சுடும் ரைபிள். டெல்மரைவிட வயதில் மூத்தது. நவம்பரில் அது மானைச் சுடும். மற்ற மாதங்களில் டெல்மர் அதைப் பற்றிப் பேசுவார். மருந்தைக் குறைத்துத் தோட்டா செய்வதை, தண்ணீர் கலந்து பால் விற்பதற்குச் சமமான குற்றமாகக் கருதினார்.

இந்தக் கொள்கையால் யாருக்கும் எந்தச் சேதமும் வந்திருக்காது, அக்டோபர் கடைசியில் முயல் விருந்து என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால்.

தேவாலயக் கூடத்தில் நடக்கும் அந்த விருந்தில், கறியை மாவால் மூடிச் சுடும் முயல்கறி 'பை'தான் எல்லாம். விதிகள் இரண்டு. ஈயப் பொடிக்குண்டுகளைச் சிதறடிக்கும் ரவைத் துப்பாக்கியால் முயலைச் சுடக் கூடாது. ஒரு வருடம் பைக்குள் இருந்த ஈய ரவையைக் கடித்துப் பாதிரியார் முன்பல்லை உடைத்துக்கொண்டார். மறுநாள் பல்லில்லாமல் அவர் வாசித்த வேதாகம வம்சவரிசையில் யார் யாரைப் பெற்றார்கள் என்றே யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த விதி, மானுக்குக் கொண்டுபோகும் அதே ரைபிளால்தான் முயலையும் சுட வேண்டும். பிள்ளைகளின் குட்டித் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அதில் என்ன மரியாதை?

இவை போக ஒரு வழக்கம் உண்டு. பை செய்த பெண், முயல் கொண்டுவந்த ஆணின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். எங்கள் ஊரில் இந்த வழியாக இரண்டு கல்யாணங்களும் ஓர் அடிதடியும் நடந்திருக்கின்றன.

இந்த வருடம் பை செய்யும் பொறுப்பு பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா மிஷோவுக்கு. அவர் கணவரை இழந்தவர், டெல்மர் மனைவியை இழந்தவர். "முழுசா ஒரு முயல் யார் கொண்டு வர்றாங்களோ, அவங்க பக்கத்துல உக்காருவேன்" என்று வெர்னா சொன்ன நாளிலிருந்து டெல்மர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். தன் மனதில் இருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

ஓய்வுபெற்ற தபால்காரர் லூசியன் ஒலெட்டுக்கும் தெரியும். அவரும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சின்னப் பிராணிகளுக்கென்று லூசியன் தன் கையாலேயே தோட்டா செய்வார்: மெத்தென்ற ஈயக்குண்டு, அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கரண்டி மருந்து, அவ்வளவுதான்.

"என்னய்யா லூசியன், இன்னும் அந்தத் தும்மலைத்தான் சுட்டுக்கிட்டிருக்கியா?" என்று டெல்மர் இரும்புக் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"தும்மல்தான். முயலுக்கு அது போதும்."

"சுட்டுட்டு நீ முயல்கிட்ட நேர்ல போய், 'ஐயா, உங்களைச் சுட்டாச்சு, கொஞ்சம் படுத்துக்கோங்க'ன்னு சொல்லணுமேய்யா."

"சொல்லித்தான் பாத்தேன். மரியாதையாப் படுத்துக்குது."

திங்கட்கிழமை டெல்மர் தன் முதல் முயலை ஒரு சாக்கில் போட்டு வெர்னா வீட்டுக்குக் கொண்டுபோனார். வெர்னா சாக்கைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல முயல் எங்க?"

"உள்ளதான் இருக்கு. நல்லாப் பாருங்க."

"காது இருக்கு. பின்னங்கால் ஒண்ணு இருக்கு. நடுவுல இருந்தது எங்க போச்சு?"

"பைன் மரத்துல கொஞ்சம் இருக்கு."

"அப்போ நான் மரத்தையா வேகவைக்கணும்?"

புதன்கிழமை தலையை மட்டும் குறிபார்த்துச் சுட்டார். தலை போயிற்று, போகும்போது தோள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று. மிச்சமிருந்த கறி ரத்தம் கட்டிக் களியாகியிருந்தது.

"நாய்க்கு வச்சேன்" என்றார் வெர்னா. "அது மோந்து பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாக்குது."

டெல்மர் தொப்பியைக் கழற்றி யோசித்தார். "இந்த வருஷ முயல்ல சத்தே இல்லைங்க. அந்தக் காலத்து முயல் இந்தத் தோட்டாவைத் தாங்கும்."

"லூசியனுக்கு மட்டும் சத்துள்ள முயலாச் சிக்குது போல. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் உங்களுக்காகப் பாக்கறேன், டெல்மர். அதுக்கு மேல மாவு பிசையணும். இல்லைன்னா தானே ஒண்ணு குடுத்துடறேன்னு லூசியன் சொல்லியிருக்கார்."

வியாழக்கிழமை இரும்புக் கடையில் லூசியன் சில்லறை தேடிச் சட்டைப்பையைக் கவிழ்த்தபோது நாலைந்து தோட்டாக்கள் மேசையில் உருண்டன. ஒவ்வொன்றின் அடியிலும் அடர்சிவப்பில் ஒரு பொட்டு.

"இது என்ன சாயம்?" என்றார் டெல்மர்.

"நகப்பூச்சு. பாக்க எல்லாத் தோட்டாவும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு? கரடி எதிர்ல வரும்போது தும்மலைப் போட்டுடக் கூடாது பாரு."

"நகப்பூச்சு உனக்கு ஏதுய்யா?"

"வெர்னா குடுத்தாங்க. 'பாதி பாட்டில்தான் இருக்கு, நீங்களே வச்சுக்கோங்க'ன்னுட்டாங்க."

தினமும் காலையில் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்த வெர்னாவின் நகங்களில் அந்த நிறத்தை டெல்மர் பார்த்திருக்கிறார். வாங்க வந்ததை வாங்காமலே வெளியே போனார்.

அன்று மாலை தன் கொட்டகையில், அப்பாவின் மரப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். ஈயக்குண்டு வார்க்கும் அச்சு அதில் இரண்டு இருந்தன. மானுக்கான பெரிய அச்சு, கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளபளவென்று இருந்தது. முயலுக்கும் காட்டுக்கோழிக்குமான சின்ன அச்சின் பிடியோ கை பட்டுப் பட்டுத் தேய்ந்து கறுத்திருந்தது. அப்பா வாழ்நாளில் எதை அதிகம் சாப்பிட்டார் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. டெல்மர் பெட்டியை மூடினார். கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து திறந்தார்.

வெள்ளி காலை ஓடைக்கு அப்பால் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. குளிர்காலத்துக்காகப் பாதி வெளுத்து, மீதி இன்னும் பழுப்பாக இருந்தது. டெல்மர் யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் திரும்பிப் பார்த்தார். பிறகு லிவரை இழுத்து, குறிபார்த்து, சுட்டார்.

யாரோ போர்வைக்குள் இருமியதுபோல ஒரு சத்தம். குண்டு முயலுக்கு ஒரு முழம் முன்னாலேயே சருகில் புதைந்தது. இத்தனை வருடமாக முழு மருந்துக்கென்று அளவு வைத்திருந்த ரைபிளின் குறிகாட்டி, கால் மருந்துக்குத் தாழ்வாகத்தானே காட்டும்? வழக்கமான தோட்டாவாக இருந்தால் அந்நேரம் காடே காலியாகியிருக்கும். இந்த முயல் ஓடவில்லை. இருமியது யார் என்று தலையைத் திருப்பிப் பார்த்தது. சளிப் பிடித்த ஆளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தது.

டெல்மர் குறிகாட்டியை இரண்டு படி உயர்த்தினார். மறுபடி இருமினார். முயல் மரியாதையாகப் படுத்துக்கொண்டது.

வெர்னா அதைக் காதைப் பிடித்துத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். கண்ணுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு துளை. மற்றபடி, எழுப்பினால் எழுந்துவிடும்போல இருந்தது.

"இதுதான் முயல்" என்றார். "என்ன மருந்து போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதான்."

"அப்படியா?"

"குறிங்க. எல்லாம் குறியிலதான் இருக்கு."

வெர்னா அவரைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். "சரி, உள்ள வாங்க. மாவு பிசையக் கை வேணும்."

சனிக்கிழமை விருந்தில் டெல்மர் வெர்னாவின் பக்கத்தில், கஞ்சி போட்ட சட்டையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லூசியன் எதிர்ப்பக்கமிருந்து பையை முள்கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"ஒரு எலும்புகூட உடையலையே டெல்மர். முழு மருந்தா?"

"பின்ன? எங்கப்பா ரைபிளுய்யா அது. தும்மறதுக்கா வச்சிருக்கேன்?"

பிறகு பாதிரியாரிடம், பொய் சொல்லத் தெரியாத அந்த ஒரே பொருளைப் பற்றி விரிவாக எடுத்துச் சொன்னார். பாதிரியார் பல்லுக்குப் பயந்து மெதுவாக மென்றபடி தலையாட்டினார்.

எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது வெர்னா தாழ்ந்த குரலில் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்ல ஸ்டூ வைக்கலாம்னு இருக்கேன். ஒரு முயல் பத்தாது. ரெண்டாக் கொண்டு வாங்க."

திங்கள் மாலை டெல்மர் கொட்டகைக் கதவைச் சாத்தினார். சாத்தியது போதாதென்று சாக்கு மூட்டை ஒன்றையும் அதில் முட்டுக் கொடுத்தார். ஈயம் உருகும் வரை ஸ்வெட்டரின் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு நின்றார். சின்னக் கரண்டியில் மருந்தை அள்ளி, மேலே குவிந்து நின்றதை ஒரு பழைய சீட்டுக்கட்டுச் சீட்டால் மெல்ல வழித்து, டப்பாவுக்குள்ளேயே திருப்பிப் போட்டார்.