பின்சுவர் ஓட்டை

குளிர் விட்டுச் செடியெல்லாம் துளிர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து என் மருமகள் கொல்லைப்புறத்தில் எதையும் வெட்டவிடவில்லை. புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. காய்ந்த கிளைகளை மூலையில் குவித்து வைத்தாள், வண்டுக்காம். பழைய அண்டா ஒன்றைத் தரைமட்டத்துக்குப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினாள், தவளைக்காம். பூச்சி மருந்து டப்பாவை என் கண் முன்னாலேயே குப்பையில் போட்டாள்.

"இப்படியே விட்டா பாம்பு வந்து பாய் விரிச்சுப் படுத்துக்கும்" என்றேன்.

"வரட்டும் மாமா. உங்களுக்கும் ஒரு பேச்சுத்துணை ஆச்சு."

வாய் அப்படி. பல் டாக்டரிடம் உதவிக்கு நிற்கிற வேலை அவளுக்கு. வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம் பேசிப் பேசி வந்த பழக்கம்.

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொத்தனார் வேலைக்கு வந்தவன். எத்தனையோ பேர் சிரித்துச் சிரித்து ஏமாற்றியிருக்கிறார்கள். நான் கொல்லையில் உட்காரக் கூடாது என்றுதான் புல்லை வளர்க்கிறாள் என்று எனக்கு ஒரு எண்ணம். லாரி ஓட்டுகிற என் மகனிடம் போனில் சொன்னேன். "உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துக்கு என்னை இழுக்காதப்பா" என்று வைத்துவிட்டான்.

சமையலறையின் பின்சுவரில் வெளிப்பக்கம் ஓர் ஓட்டை இருந்தது. பழைய தொட்டிக் குழாய் போன வழி. போன வருஷம் சமையலறையைப் புதுப்பித்தபோது வந்தவன் குழாயைப் பிடுங்கி, உள்பக்கம் டைல்ஸை ஒட்டிவிட்டு, வெளிப்பக்கத்தை அப்படியே விட்டுப் போய்விட்டான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது என் கண்ணை உறுத்தும்.

"அது இருக்கட்டும் மாமா. ஏதாச்சும் குருவி குடிவரும்" என்றாள் ஒருநாள்.

"ம்" என்றேன். சரி என்கிற 'ம்' இல்லை அது. பேச்சை நிறுத்துவதற்கான 'ம்'.

அன்று காலை அவள் வேலைக்குப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போனேன், கொல்லைக்கு வந்தேன், மறுபடி வாசலுக்குப் போனேன். வேலை இல்லாத கை ஒரு பக்கம் அரிக்கும், கால் ஒரு பக்கம் இழுக்கும். ஓரமாகக் கிடந்த அரை மூட்டை சிமெண்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். விளிம்பில் கட்டி தட்டியிருந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் கல்தான். எனக்கு அந்தச் சாக்கு போதும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொந்தை அடைத்தாலும் முதலில் பூச்சுக் கரண்டிப் பிடியால் மூன்று தட்டுத் தட்டுவோம். பல்லியோ தேளோ எலியோ, உள்ளே இருக்கிறது ஓடிவிடும். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடைப்போம். என் மேஸ்திரி எனக்குச் சொன்னது, நான் என் ஆட்களுக்குச் சொன்னது. ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.

தட்டினேன். நின்றேன். ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன், இருட்டு. சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலந்து, சீக்கிரம் இறுகுகிற பொடியும் சேர்த்து, ஓட்டையின் வாயில் ஒரு செங்கல் துண்டை இறுக்கி வைத்துப் பூசினேன். தேய்த்து முடித்தபோது அங்கே ஓட்டை இருந்ததென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அப்படி ஒரு வேலை. தேநீர் போட்டுக்கொண்டு பின்படியில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்தக் குருவி வந்தது. கருப்புத் தலை, வெள்ளைக் கன்னம். பட்டாணிக்குருவி என்பாள் மருமகள். அலகில் பச்சைப் புழு ஒன்று தொங்கியது. நேராக என் பூச்சில் வந்து மோதி, நகத்தால் பிடிக்கப் பார்த்து, வழுக்கி, வேலிக்குப் போனது. மறுபடி வந்தது. மறுபடி மோதியது. என் பூச்சில் கீறல் விழுகிறதே என்றுதான் முதலில் கோபம் வந்தது. ஆனால் புழுவை அது தின்னவில்லை. நாலாவது தடவையும் அலகில் அதே புழு.

வேறு எங்கேயோ போக வேண்டியது வழி தவறி வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். அது மோதிக்கொண்டே இருந்தது.

அடுத்த வீட்டுத் தையல்கார அம்மாளுக்குத் தையல் இயந்திரம் ஜன்னலோரம். எங்கள் பின்சுவர் அவளுக்கு நேர் எதிரே.

"என்ன மேஸ்திரி, வாசலுக்கும் கொல்லைக்கும் அளவெடுக்கறீங்களா?"

"உன் தையலைப் பாரும்மா."

"அதைத்தான் பார்க்கறேன். நடுவுல அந்தக் குருவியையும் பார்க்கறேன். மூணு வாரமா அந்தப் பொந்துக்குத்தான் போகுது. பொட்டை உள்ளேயே இருக்கும், இது..." நிறுத்தினாள். கழுத்தை நீட்டிச் சுவரைப் பார்த்தாள். "அட மனுஷா! அடைச்சிட்டீங்களா?"

"தட்டிப் பார்த்துத்தான் அடைச்சேன்."

"தட்டினா? கண்டவன் வந்து கதவைத் தட்டினா, பிள்ளைங்களை வெச்சிருக்கறவ வெளிய ஓடுவாளா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ளேயே கிடப்பாளா?"

சுவருக்கு ஓடினேன். கரண்டியால் சுரண்டினேன். இறுகிப் போயிருந்தது. உளியை வைத்து ஒரு அடி அடித்துவிட்டுக் கையை நிறுத்தினேன். வெளியிலிருந்து அடித்தால் அந்தச் செங்கல் துண்டு உள்ளேதான் போகும். உள்ளே இருப்பதெல்லாம் நசுங்கும். வேறு எவனாவது பூசியிருந்தால் இந்நேரம் உதிர்ந்திருக்கும். பூசியது நான்.

உள்பக்கம் ஒரு டைல்ஸ்தான் மறைப்பு. மருமகள் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய டைல்ஸ். அதை உடைத்தால் அவளுக்குத் தெரியும். உடைக்காவிட்டால் தையல்காரி சொல்லுவாள். யாருமே சொல்லாவிட்டாலும் அந்தக் குருவி சாயங்காலம் வரை மோதிக்கொண்டுதான் இருக்கப் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்த வீட்டில் உட்கார முடியாது.

சமையலறைக்குப் போனேன். விரலால் தட்டி, காலிக் குடம் மாதிரி சத்தம் வந்த டைல்ஸைக் கண்டுபிடித்து மூலையில் உளியை வைத்தேன். மூன்றாவது அடியில் ஒரு சில்லு பெயர்ந்தது. உள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீற்றம். நான் பின்னால் துள்ளியதில் பாத்திரக் கூடை சரிந்து தரையெல்லாம் உருண்டது. பாம்பு! படித்துப் படித்துச் சொன்னேனே!

துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு நிற்கிறேன், மருமகள் உள்ளே வருகிறாள். டாக்டருக்குக் காய்ச்சல், பாதியில் அனுப்பிவிட்டார்களாம்.

"ஐயோ, என் டைல்ஸ்! என்ன மாமா பண்றீங்க?"

"குழாய் கசிஞ்சுது."

"அங்க குழாயே இல்லையே."

மறுபடி சீறியது.

"பாம்பு" என்றேன். "தள்ளி நில்லு."

அவள் தள்ளி நிற்கிற ரகமா? போன் வெளிச்சத்தைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"குருவி மாமா. சிறகை விரிச்சு, பாம்பு மாதிரி சீறி நம்மளைப் பயமுறுத்துது. கீழ குஞ்சு இருக்கு." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் பக்கத்துலேர்ந்து வெளிச்சமே வரலையே?"

"நான்தான் அடைச்சேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு, டைல்ஸின் மிச்சத்தைக் கையாலேயே பெயர்க்க ஆரம்பித்தாள்.

பெட்டை பாய்ந்து வெளியே வந்தது. அலமாரியில் மோதி, என் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியே போய்விட்டது. பாசியும் மயிருமாகப் பின்னிய கூட்டை அலுங்காமல் எடுத்து ஒரு வாய் அகன்ற பாத்திரத்தில் வைத்தாள். கண் திறக்காத குஞ்சுகள். ஆறு. ஐந்து வாயைப் பிளந்தன. ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அதை மட்டும் தனியே எடுத்துவைத்தாள்.

"காத்து பத்தலையா?" என்றேன்.

"தெரியல. முன்னாடியே போயிருக்கலாம். தெரியல மாமா. சீக்கிரம் அதைத் திறங்க."

உள்ளேயிருந்து கம்பியைக் கொடுத்து வெளிப்பக்கமாகக் குத்தினேன். என் பூச்சை நானே ஜென்மப் பகையாளி மாதிரி குத்தினேன். பத்துப் பதினைந்து குத்தில் செங்கல் துண்டு வெளியே விழுந்தது. தூசியைத் துணியால் துடைத்தெடுத்து, கூட்டை இருந்த இடத்தில் வைத்து, உள்பக்கத்தை ஒரு பலகையால் மூடினோம்.

கொல்லைக்கு வந்தோம். வேலியில் ஒரு குருவியும் இல்லை.

"வராம போயிட்டா?" என்றேன்.

"குஞ்சு சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

நான் சுவருக்குப் போனேன். வேலிக்குப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் கையை அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"மாமா, நீங்க இப்படிச் சுத்திக்கிட்டு இருந்தா அது எப்படி வரும்? நில்லுங்க."

நின்றேன். ஒரு கட்டடத்தைக் கட்டிவிடலாம், அப்படி நிற்பது கஷ்டம். மூக்கில் ஈ உட்கார்ந்தது. ஜன்னலில் தையல்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் நிழல் நகர்ந்து என் கால் வரைக்கும் வந்துவிட்டது.

ஆண் வந்தது. புதுப் புழு. பொந்துக்கு எதிரே கொடிக் கம்பியில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. பறந்து போனது. எனக்கு உயிரே போனது. திரும்பி வந்து, விளிம்பில் ஒரு நொடி தொற்றி, உள்ளே போனது. வெளியே வந்தபோது அலகு காலி.

மருமகள் மூச்சு விட்டாள். "இனி அசையலாம் மாமா."

"பொட்டை வரலையே" என்றேன்.

அசையவில்லை. அவளும் என் பக்கத்திலேயே நின்றாள். வெகுநேரம் கழித்துப் புல்லுக்குள்ளிருந்து பெட்டை எழும்பியது. எங்கள் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தது. பிறகு உள்ளே போனது, வெளியே வரவில்லை.

அதற்கப்புறம்தான் மருமகள் வேலைக்குப் போட்டுப்போன செருப்பைக் கழற்றினாள். செத்த குஞ்சைக் கிளைக் குவியலுக்கு அடியில் வைக்கப் போனாள். நான் குழி தோண்டிக் கொடுத்தேன்.