பத்து லட்சத்து ஒன்று

ஆலை கேட்டில் கட்டியிருந்த சிவப்புத் துணிக்குப் பின்னால் 1000001 காத்திருந்தது. ஒவ்வொரு இலக்கமும் ஓர் ஆள் உயரம். திறப்பு முகூர்த்தத்துக்காக இரும்பு உருக்கும் ஃபர்னஸைக்கூட அணைத்து வைத்திருந்தார்கள்.

மேனேஜர் அன்புராஜுக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் இந்தக் கம்பி ஆலைக்கு இரண்டு முதலாளிகள்: அரசப்பன், அவர் தங்கையைக் கட்டிய சுப்பராயன். பாகம் பிரித்தே தீருவது என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். இருப்பதோ ஒரே ஃபர்னஸ். நடுவில் சுவர் எழுந்தால் ஆலை காயலான் கடைக்கு, அன்புராஜ் தெருவுக்கு. வக்கீல் சொல்லிக் கேட்காதவர்கள் ஜோசியம் என்றால் கேட்பார்கள் என்று, திருவள்ளூர் 'எண்ணியல் சக்கரவர்த்தி' ஸம்பத்குமாரை அழைத்து வந்ததே அவன்தான்.

"இது பகா எண்," என்று மைக்கில் முழங்கினார் சக்கரவர்த்தி. "தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. இதைக் கேட்டில் ஏற்றின கம்பெனியை பிரம்மாவாலும் பிரிக்க முடியாது!"

மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே கை தட்டினார்கள். அன்புராஜ் மட்டும் சும்மா இருக்க முடியாமல் போனில் வகுத்துப் பார்த்தான். ஏழு போகவில்லை. பதிமூன்று போகவில்லை. தொண்ணூற்றேழும் போகவில்லை. நூறோடு நிறுத்தியிருக்கலாம். மொய் எழுதிப் பழகின விரல், கூட ஒன்று சேர்த்து 101 என்று தட்டியது. மீதி சுத்தமாக இல்லை. விடை 9901.

வியர்வையோடு மேடைக்குப் பின்னால் ஓடினான். "சாமி, நூத்தியொண்ணால போகுது! கடைசி ஒண்ண மூணா மாத்திடலாம். அது பகா எண்தான், நெட்லயே போட்டுக்கீது."

"நூறு வரைக்கும் வகுத்துப் பார்த்தாச்சு. அதுக்கு மேல பார்க்கறது சாஸ்திரத்துலயே இல்ல."

"சாஸ்திரத்துல இல்லாட்டி இன்னா, கால்குலேட்டர்ல கீதே சாமி!"

"நூத்தியொண்ணால வகுபட்டா என்ன குடியா முழுகிடும்?" என்று சீறினார் சக்கரவர்த்தி. கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். பந்தல் முழுக்கக் கேட்டது.

அரசப்பன் எழுந்தார். "இன்னாடா அன்பு, பிரியுதா?"

"நூத்தியொண்ணு, ஒம்போதாயிரத்து தொள்ளாயிரத்தியொண்ணு. ரெண்டையும் பெருக்கினா இது வருதுண்ணே."

அன்புராஜ் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது, இனி சுவர்தான்.

"அப்ப பெரிசு எனக்கு," என்றார் அரசப்பன். "மூத்தவன் நானு. நூத்தியொண்ணு உனக்கு, மாப்ள."

"எது, நூத்தியொண்ணா? பொண்ணு கட்டின மாப்ள நானு! நீயே வச்சிக்கோ."

"நான் நூத்தியொண்ணா? யாரப் பாத்து சொல்ற?"

பெருக்கலைப் பங்காக்கிக்கொண்டு சண்டை பந்தியில் இட்லி ஆறும்வரை நடந்தது. பெருக்கினால்தான் பத்து லட்சத்து ஒன்று, கூட்டினால் வெறும் பத்தாயிரத்து இரண்டு, இது பங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அன்புராஜ் நிச்சயம் சொல்லவில்லை. சின்ன எண்ணை வாங்கிக்கொள்ள இரண்டு பேருமே தயாராக இல்லை. "இவன் அத எடுக்காத வரைக்கும் பாகம் கெடயாது!" என்று அரசப்பன் கத்த, "கெடயாதுன்னா கெடயாது!" என்று சுப்பராயனும் கத்தினார்.

சக்கரவர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பிரிக்க முடியல, இல்லியா? நான் என்ன சொன்னேன்?"

அன்புராஜ் அதற்குள் ஷெட்டுக்குள் ஃபர்னஸ்காரரிடம் பாய்ந்திருந்தான்.

"முனுசாமிண்ணே, ஃபர்னஸப் பத்த வையி. சீக்கிரம். யாருக்கு எதுன்னு ரெண்டு பேரும் சமாதானம் ஆகறதுக்குள்ள."