பதினைந்து மில்லி

எங்கள் வீட்டில் தினமும் இரண்டு சமையல். ஒன்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும், இன்னொன்று அமிர்தம் அண்ணிக்கு. அவருக்குத் தாளிப்பு கிடையாது, தேங்காய் கிடையாது, பால் கிடையாது, வேர்க்கடலை கண்ணிலேயே படக்கூடாது. இட்லித் தட்டில்கூட எண்ணெய் தடவாமல் துணி விரித்துத்தான் மாவு ஊற்றவேண்டும். காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நுழைந்தால் ஏழரைக்குத்தான் வெளியே வருவேன். எட்டரைக்குப் பீங்கான் கம்பெனியில் இருக்கவேண்டும். இதிலெல்லாம் எனக்கு அலுப்பே இல்லை என்று யாராவது சொன்னால் அவரை ஒரு வாரம் என் அடுப்படியில் நிற்கவைத்துப் பார்க்கவேண்டும்.

அண்ணி என் வீட்டுக்காரர் பழமலைநாதனின் கூடப்பிறந்த அக்கா. புருஷன் போனபிறகு கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து எங்களிடம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. போன வருடம் அவருக்குச் சிறுநீர் பால்போல வெள்ளையாகப் போக ஆரம்பித்தது. வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. திறந்தபோது ஆள் பாதியாகியிருந்தார்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். என்றைக்கோ உடம்புக்குள் போன யானைக்கால் புழுவின் வேலை என்றார்கள். நாம் சாப்பிடும் கொழுப்பு போகிற குழாய் கெட்டு, அது சிறுநீரில் கசிகிறதாம். சாப்பிடுவதெல்லாம் கசிந்து போனால் உடம்பில் என்ன ஒட்டும்? அதற்குத்தான் டாக்டரம்மா ஒரு எண்ணெயை எழுதிக் கொடுத்தார். எம்.சி.டி. ஆயில் என்று பெயர். தண்ணீர் மாதிரி இருக்கும், நிறமில்லை, வாசனையில்லை. மற்ற எண்ணெய்கள் போகும் வழியில் போகாமல் இது நேராக ரத்தத்துக்குப் போய்விடுமாம். சூடு பண்ணக்கூடாது. கஞ்சியிலோ ரசத்திலோ கலந்து குடிக்கவேண்டும்.

முதல் இரண்டு மாதம் வேளைக்கு ஒரு டீஸ்பூன். சிறுநீர் தெளிந்தது. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். எடை மட்டும் ஏறவில்லை. டாக்டரம்மா அளவைக் கூட்டினார். வேளைக்குப் பதினைந்து மில்லி, மூன்று வேளை. "கூட்டும்போது கொஞ்ச நாள் வயிறு கலக்கும், அப்புறம் பழகிடும்" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த தடவை வரும்போது எடை ஏறியிருந்தா இப்படியே சமாளிச்சுடலாம்மா. இறங்கியிருந்தா அட்மிட் பண்ணி ஆபரேஷன்தான். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு."

அன்று அண்ணியின் எடை முப்பத்தொன்பது கிலோ.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை. மத்தியான வேளைக்கு நான் வீட்டில் இருக்கமாட்டேன். அண்ணிக்குக் கை நடுங்கும். மூன்று ஸ்பூன் அளக்கிறேன் என்று பாதியைக் கீழே சிந்துவார். சரியாகப் பதினைந்து மில்லி பிடிக்கிற ஒரு குட்டிக் கிண்ணம் இருந்தால் முட்ட ஊற்றிக் கலந்துகொள்ளலாம். கிண்ணத்துக்கா பஞ்சம்? பதினெட்டு வருடமாக, இன்னும் வேகாத பச்சைக் கப்புகளுக்குப் பிசிறு சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிறவள் நான். எங்கள் மண் சூளையில் வெந்தால் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு சுருங்கும், கொள்ளளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? கணக்குப் போட்டேன். வெந்தபின் பதினைந்து வேண்டுமென்றால் பச்சையில் இருபத்திரண்டு. அச்சு செய்யும் பாவாடை அண்ணனிடம் போய், "இருபத்திரண்டு மில்லி புடிக்கிறாப்பல ஒரு கிண்ணத்துக்கு அச்சு போட்டுக் குடுங்கண்ணே" என்றேன். அவர் போட்டுக் கொடுத்தார். வெந்து வந்தது. வெள்ளை வெளேரென்று, விளிம்பில் நானே ஒரு நீலக்கோடு இழுத்திருந்தேன். தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. தொழில் தெரிந்த திமிர்தான், வேறென்ன.

கிண்ணம் வந்த நான்காம் நாள் அண்ணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பழகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்களே என்று விட்டோம். பழகவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை கக்கூசுக்குப் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு போவார், சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். வேலை முடிந்து வந்து அண்ணியின் சேலையையும் படுக்கைத் துணியையும் துவைப்பேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று எனக்கே தெரியாது. நல்ல வார்த்தை எதுவும் வந்திருக்காது.

இதற்கு நடுவில் இன்னொரு வயிற்றெரிச்சல். அரை லிட்டர் பாட்டில் பதினோரு நாள் வரவேண்டும். எட்டாம் நாளே காலி. அடுத்த பாட்டிலும் அப்படியே. எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. குடிக்கப் பிடிக்காமல் மத்தியானத்தில் அண்ணி கொட்டிவிடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் குழாயடியில், பக்கத்து வீட்டுத் திரௌபதி குடம் வைத்துக்கொண்டு நிற்கும்போதே கேட்டுவிட்டேன்.

"எங்க ஊத்துறீங்க அண்ணி? சாக்கடையிலயா?"

"நான் ஊத்தல, வாசுகி."

"அப்ப எலி குடிக்குதா? ஒங்களுக்காகத்தான் நான் ரெண்டு அடுப்பு மூட்டிச் சாவுறேன், நீங்க இப்பிடிப் பண்றீங்களே."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சொன்னது சரிதான் என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ரேஷன் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்தோம். முப்பத்தாறரை.

மறுநாள் கம்பெனியில் திட்டக்குடிக்காரர் ஒருவர் விளக்கு ஆர்டர் கொடுக்க வந்திருந்தார். மூன்று அங்குலம் வேண்டும், சுருங்கிவிடும் என்கிறார்களே, மூன்றரையாகப் போடுங்கள் என்று பாவாடை அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு முடிஞ்ச பொருளு என்னா சைஸு வேணுமோ அத மட்டும் சொல்லுங்க," என்றார் பாவாடை அண்ணன். "சுருக்கத்துக்கு நான் கூட்டித்தான் அச்சு போடுவேன். நீங்களும் கூட்டி நானும் கூட்டுனா வெளக்கு சட்டி மாதிரி வந்து நிக்கும்."

என் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. எழுந்து போனேன்.

"அண்ணே, என் கிண்ணத்துக்கு?"

"எந்தக் கிண்ணம்? ஓ, அந்த மருந்துக் கிண்ணமா. நீ இருபத்திரண்டுன்ன. கூட்டித்தான் போட்டேன். ஏம்மா?"

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்சு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் லோடு ஏற்றிக்கொண்டு கம்மாபுரம் பக்கம் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்காகிட்ட சொல்லாத," என்றார். "ஆஸ்பத்திரியில கம்மி பண்ணச் சொன்னாங்கன்னு சொல்லிட்டு அளவ மாத்திடு. முடிஞ்சிபோச்சி. சொன்னா இந்த வூட்ல இன்னும் என்னென்ன பேச்சு வரும்னு யோசிச்சிப் பாரு."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. வெயிலில் நடந்து வரும்போது அந்தப் பொய்யை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிக்கூடப் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணி அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் கஞ்சி டம்ளர், பாட்டில், என் கிண்ணம். இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நீலக்கோடு வரைக்கும் முட்ட ஊற்றி, அதைக் கஞ்சியில் சாய்க்கப் போனார். சாக்கடையில் கொட்டுகிறவர் இவரா? ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சிரிஞ்சால் இழுத்து அளந்தேன். பத்து, இருபது, அப்புறம் இரண்டு. இருபத்திரண்டு மில்லி.

தயார் பண்ணி வைத்திருந்த பொய் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அண்ணி, கிண்ணம் பெருசு. நானும் சுருக்கம் சேர்த்துச் சொன்னேன், அவரும் சேர்த்துட்டாரு. நாப்பது நாளா ஒங்களுக்கு ஒன்றரை மடங்கு குடுத்திருக்கேன். ஒங்க வயித்தக் கெடுத்தது நான்தான். ஒங்களப் போயி ஊத்திட்டீங்கன்னு நாலு பேரு எதிர்ல கேட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றாவது நினைத்தேன். அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார்.

"என்னா தெரியும்?"

"பெருசுன்னு. இருமல் மருந்து மூடி ஒண்ணு என் பொட்டியில கெடந்துது. அதுல பதினஞ்சுக்குக் கோடு போட்டிருக்குது. ஊத்திப் பாத்தேன், வழிஞ்சிது. மொத வாரமே பாத்துட்டேன்."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

"நீ கம்பெனியில இத்தன வருசம் இருக்கிறவ. ஒனக்கு அளவு தப்புமா?" என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தெரிஞ்சிதான் செஞ்சிருக்கன்னு நெனச்சேன்."

அவர் சொல்வது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்படி நெனச்சிக்கிட்டா இத்தன நாளும் குடிச்சீங்க? மத்தியானம் நான்கூட இல்லியே அண்ணி. நீங்களே ஊத்திக் குடிச்சிருக்கீங்களே."

"ஒனக்கு அலுத்துப்போச்சின்னு நெனச்சேன். அதுல ஒண்ணும் தப்பில்ல வாசுகி, யாருக்கா இருந்தாலும் அலுக்கும். எனக்குமே அலுத்துத்தான் கெடந்துது. சரி, இப்பிடியே முடிஞ்சாலும் முடியட்டும்னு விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பால் பாக்கெட் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய வாயெடுத்தேன். அந்தத் துணிகளைத் துவைத்த சாயங்காலங்களில் நான் என்ன நினைத்தேன் என்பது எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை, நான் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வயிறு சரியாகும்வரை பழையபடி ஒரு ஸ்பூன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் நாளைக்கே கூட்டிவாருங்கள் என்றார். சிரிஞ்சில் ஐந்து மில்லி இழுத்துக் கஞ்சியில் விட்டேன். நன்றாகக் கலக்கி, டம்ளரை அண்ணியின் கையில் கொடுத்தேன்.

அவர் வாங்கிக்கொண்டார். உதடு வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டு, அன்றைக்கு முதல்தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"குடிக்கட்டுமா வாசுகி?" என்று கேட்டார்.