ஃபோனை நேராப் பிடி

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நெனிதாவுக்கு விடுமுறை. ஹாங்காங்கில் ஒரு மேம்பாலத்தின் அடியில் அட்டைப்பெட்டியை விரித்து, தன்னைப் போல் வீட்டு வேலைக்கு வந்த பெண்களோடு உட்கார்ந்து ஊருக்குக் கூப்பிடுவாள். பிலிப்பைன்ஸில், இலோய்லோவுக்குத் தென்மேற்கே மியாகாவில் அவள் மகள் கிரிஸெல் ஃபோனை அரிசி டின்மேல் நிறுத்திவைத்துப் பேசுவாள். அம்மாவை அவள் ‘நானாய்’ என்பாள்; மகளை நெனிதா செல்லமாக ‘இன்டாய்’ என்பாள். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“இன்டாய், ஃபோனை நேராப் பிடி. படகுல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு.”

“நேராத்தான் இருக்கு நானாய்.”

“எங்க நேரா இருக்கு? ஒரு பக்கமா சரியுற.”

இரண்டு வருடம் இப்படிப் போனது. நெனிதா தன் தலையை இடப்பக்கம் சாய்த்து மகளைப் பார்க்கப் பழகிவிட்டாள். பள்ளிக்கு நர்ஸ் வந்து பெண்களை வரிசையாகக் குனியச் சொன்ன நாளில், கிரிஸெலின் முதுகு வலப்பக்கம் மட்டும் மேடாக எழும்பியது. முதுகெலும்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை எக்ஸ்-ரே காட்டியது. செய்தி கேட்ட நெனிதா, ஃபோனில் சேர்த்துவைத்திருந்த பழைய படங்களை எடுத்துப் பார்த்தாள். மகளுக்குப் பின்னால் ஜன்னல் கம்பிகள் எல்லாம் செங்குத்தாகவே நின்றிருந்தன. சாய்ந்திருந்தது பிள்ளை மட்டும்தான்.

அக்குளிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் கவசம் மாட்டியும் வளைவு நிற்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் டாக்டர் கிரிஸெலையும் அவள் அப்பா ரோடெலையும் கூப்பிட்டு அனுப்பினார்.

“வர்ற செவ்வாய்க்கிழமை செய்ய வேண்டிய பையனுக்குக் காய்ச்சல். அந்த இடத்தை உங்க பொண்ணுக்குத் தரேன். இதை விட்டா அடுத்து எப்பன்னு என்னால சொல்ல முடியாது. வளர்ற வயசு. வளைவு சும்மா இருக்காது.”

கிரிஸெல் முடியாது என்றாள். வெளியே வந்ததும் ரோடெல் கேட்டார்: “ஏம்மா?”

“நானாய் ஜூன்ல வர்றா. அப்ப பண்ணிக்கிறேன். கண்ணு முழிக்கிறப்போ அவ கை என் தலைமேல இருக்கணும்.”

“என் கை இருக்குமே.”

“உன் கைல பெட்ரோல் நாத்தம் பப்பா.”

வாடகைக்கு மோட்டார் டிரைசிகிள் ஓட்டுகிறவர் கை வேறெப்படி இருக்கும்? ரோடெல் சிரித்தார். மகளுக்குப் பத்து வயதானபோது போனவள் நெனிதா. இப்போது மகளுக்குப் பதினான்கு.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். நெனிதாவின் கைப்பையில் ஜூன் மாத விமான டிக்கெட் இருந்தது. “அதையே எத்தனை தடவை காட்டுவ? தேஞ்சு போயிடப் போகுது” என்று அன்று காலையில்தான் தோழி மெர்லிண்டா கேலி செய்திருந்தாள். இப்போதும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

நெனிதா மகளைக் கூப்பிடச் சொன்னாள்.

“ஜூன்ல வரல இன்டாய். மேடம் லீவு தரல.”

மெர்லிண்டா நூடுல்ஸ் டப்பாவை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

“அப்ப எப்ப வருவ?”

“தெரியல.”

“போன வருஷமும் இதையேதான் சொன்ன.”

“ஆமா. சொன்னேன்.”

கிரிஸெல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். திரை இருண்டது. குரல் மட்டும் ஹாங்காங்குக்கு வந்தது. “பப்பா, செவ்வாய்க்கிழமை வர்றோம்னு டாக்டர்கிட்ட சொல்லிடு.”

அறுவை சிகிச்சை சாயங்காலம்வரை நீண்டது. முதுகெலும்பின் இருபக்கமும் கம்பிகள் வைத்துத் திருகாணிகளால் பிடித்திருந்தார்கள். கிரிஸெல் கண் திறந்தபோது அப்பாவின் கை அவள் தலைமேல் இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெளுத்திருந்தன.

“இன்னும் நாறுதா?”

ஆமாம் என்று இமைத்தாள். ஆனால் அந்தக் கையை நகரவிடவில்லை.

முதல்முறை எழுந்து நின்றபோது வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே, “பப்பா, நீ குட்டையாயிட்ட” என்றாள். அடுத்த கட்டிலில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரோடெல் ஃபோனைப் பிடித்துக்கொண்டார். கிரிஸெல் கட்டில் கம்பியைப் பற்றியபடி நின்றாள். நெனிதா மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“ஜூன்ல வர்றேன்.”

“லீவு இல்லேன்ன?”

மெர்லிண்டாவின் குரல் குறுக்கே வந்தது. “பொய்க்காரி உங்கம்மா! டிக்கெட்டைத் தலையணைக்கு அடியில வச்சுத் தூங்குறா.”

கிரிஸெல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வா, உனக்கு இருக்கு.”

“திட்டு. நேர்ல வச்சுத் திட்டு. இப்ப முதுகைக் காட்டு.”

முதுகு தனியாகத் திரும்பாது. காலை மாற்றி மாற்றி வைத்து முழு உடம்பையும் திருப்பினாள். பின்கழுத்துக்குக் கீழே கட்டு நீளமாக இறங்கியிருந்தது. நெனிதா விரலைத் திரையில் வைத்து, கழுத்திலிருந்து மெல்லக் கீழே இழுத்தாள். விரல் எங்கும் வளையவில்லை. கண்ணாடி மட்டும் சில்லென்றிருந்தது.

கிரிஸெல் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது, அம்மாவின் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“நானாய், தலையை நேரா வை.”

நெனிதா நேராக வைத்தாள். பேசப்பேச அது மறுபடியும் சாய்ந்தது.