கயிறு எட்டாத கிணறு

இப்போதெல்லாம் மனுசரை நம்பி ஒரு துண்டைக்கூட வேலியில் காயப்போட முடியவில்லை என்பது உக்கிரபாண்டியின் கட்சி. நயாபைசா வந்த நாளிலேயே ஊர் கெட்டுவிட்டது. மழை பொய்த்த இந்த இரண்டு வருசத்தில் அழுகியே போய்விட்டது என்பார். போன மாதம் அவருடைய களத்தில் கிடந்த கத்தாழை நார்க் கயிறு களவு போனது. அவர் கையால் முறுக்கி, நுனியில் சிவப்புத் துணி சுற்றிய கயிறு. அதற்கு முன்னால் கோயில் கயிறு, நாட்டாமை சோலைமலை வீட்டுக் கயிறு. ஆட்டைத் திருடினால் தின்னலாம். கயிற்றைத் திருடி எவன் என்ன செய்வான்?

வானம் பெய்தால் இதெல்லாம் அடங்கிவிடும் என்று சோலைமலை சமாதானம் சொன்னான்.

"ஏலே, வானமா எறங்கி வந்து என் கயித்தைத் தூக்கிட்டுப் போச்சு?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தார்.

அந்த வாரம்தான் மழைக்கஞ்சி எடுத்தார்கள். வீடுவீடாகக் கஞ்சி வாங்கி ஒரே பானையில் ஊற்றி, முச்சந்தியில் எல்லோரும் குடிக்க வேண்டும். ஒரு கல் உப்பு சேரக் கூடாது. சேர்ந்தால் மழை இறங்காது. உக்கிரபாண்டி ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார். உப்பு.

மற்றவர்களும் குடித்துப் பார்த்தார்கள். உப்பா, எங்கே இருக்கிறது என்றார்கள். அவருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. ஊரே சேர்ந்து யாரையோ மறைக்கிறது. அந்த யாரோ அய்யம்மாள்தான். அவர் புஞ்சையில் களையெடுத்த குடும்பம். இப்போது புருசன் சுடலை பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறான், இவள் வீட்டில் தாள் குழாய் சுற்றி வெயிலில் காயவைக்கிறாள். நாலு தூறல் விழுந்தால் குழாய் நமுத்துப் போகும், கூலி போகும். தீபாவளி ஆர்டர் முடிந்த பிறகு பெய்தால் போதும் என்று அவள் சொன்னதை அவரே கேட்டிருக்கிறார். வேறு சாட்சி எதற்கு?

மறுநாள் காலையில் சோலைமலையை ஊர்க்கிணற்றுக்கு இழுத்துவந்து தீர்ப்புக் கேட்டார். மழை பெய்கிறவரை அய்யம்மாள் குடம் இந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. ஊரில் தண்ணீர் கிடந்த கிணறு அது ஒன்றுதான். சோலைமலை தலையைச் சொறிந்தான். தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அய்யம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அய்யா இந்தத் தண்ணியக் குடிச்சு எம்புட்டு நாளாச்சு?"

அவர் ஏன் குடிக்கிறார்? பக்கத்து ஊர்ச் சம்பந்தி தோட்டத்துக் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் வருகிறதே.

அவள் வாளியை இறக்கினாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. உருளையில் முடிச்சு முடிச்சாகத் தடுக்கி இறங்கியது. முதலில் தேங்காய்நார், அப்புறம் கோயில் கயிறு, அப்புறம் சோலைமலை வீட்டுக் கயிறு. கடைசியில், அவள் கையில் நின்ற நுனியில், சிவப்புத் துணி.

வாளி அரைகுறையாக மேலே வந்தது. கலங்கல் தண்ணீர். அவர் கையில் ஊற்றினாள். ஒரு வாய் குடித்தார். நாக்கில் உப்புக் கரித்தது.

"இப்பச் சொல்லுங்க, கஞ்சியில உப்புப் போட்டது யாரு?"

சோலைமலை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒரு மாசமா எங்களுக்கு இதுதான் மாமா நல்ல தண்ணி. நாக்குப் பழகிப்போச்சு. தண்ணி கீழ போகப்போக யார் கயிறும் எட்டல. ஆளுக்கொன்னா எங்கிட்டிருந்தோ வந்து முடிச்சு விழுந்துச்சு. யாரு கொண்டாந்தாகன்னு யாரும் கேக்கல."

உக்கிரபாண்டி சிவப்புத் துணியைப் பிடித்தார். கடைசி முடிச்சில் விரலை வைத்தார். அதை அவிழ்த்தால் வாளி தண்ணீரைத் தொடாது. வரிசையில் ஒரு குடம்கூட அசையவில்லை. பழைய முடிச்சு, தண்ணீர்பட்டு இறுகியிருந்தது. கொஞ்ச நேரம் நெம்பிப் பார்த்தவர் கையை எடுத்தார்.

"தண்ணி உப்புன்னா இவ போடலைன்னு ஆயிருமா? கயித்தை எடுத்தவன் கள்ளன் இல்லைன்னு ஆயிருமா?"

அய்யம்மாள் வாளியை மறுபடியும் இறக்கினாள். அவர் தடுக்கவில்லை.

"மழை பெஞ்ச மறுநா என் கயிறு என் களத்துல கெடக்கணும்" என்று பொதுவில் சொல்லிவிட்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் உருளை கிறீச்சிட்டது. வாயில் இன்னும் உப்பு. காறித் துப்பினார்.

"வானமாம், மழையாம். களவாணிப் பயலுக."