பின்னால் போகக் கூடாத லாரி

"என் ஊட்டு வாசல்ல இன்னைக்கு எதுவும் பின்னால போவப்படாது. லாரியும் போவப்படாது, லாரிக்காரியும் போவப்படாது" என்று சென்னியப்பன் போட்ட சத்தத்தில் தெருவில் அடைத்துக் கிடந்த சன்னல்கள்கூடத் திறந்துகொண்டன.

"அப்ப முன்னால எங்க போறது மாமா? பாப்பாயி ஊட்டுக்குள்ளயா?" என்றாள் கமலவேணி. கணவனின் அண்ணன் என்ற மரியாதையெல்லாம் சொத்துப் பிரித்த வருடத்தோடு தீர்ந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது அந்த 'மாமா' மட்டும்தான். அதையும் அவள் கல்லெறிகிற மாதிரிதான் சொல்லுவாள்.

எடப்பாடி ரோட்டிலிருந்து இறங்குகிற சரிவுத் தெரு அது. தெரு முடிகிற இடத்தில் பாப்பாயியின் ஓட்டு வீடு குறுக்கே நிற்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கம் ஒரு களம். தெருவுக்குள் வந்த லாரிகள் அங்கேதான் திரும்பும். கமலவேணியின் புருஷன் தண்டாயுதபாணி, நாமக்கல் தீவன மில்லுக்குப் போக வேண்டிய பதினெட்டு டன் மக்காச்சோளத்தோடு, வீட்டுச் சோற்றுக்கு ஆசைப்பட்டு முந்தின நாள் தெருவுக்குள் இறங்கிவிட்டான். காலையில் களத்தில் திருப்பலாம் என்று வண்டியை நகர்த்தினான். பத்து கஜம் போவதற்குள், எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு ஒடிந்து, சுற்றின வேகத்தில் ஏர் குழாயையும் அறுத்துப்போட்டது. ஏர் இறங்கினால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. அளவெடுத்து வைத்த மாதிரி அண்ணன் வீட்டுக் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

அன்றைக்கென்று பார்த்து அந்த வீட்டில் உப்புச்சக்கரை, பெண்ணை உறுதி செய்கிற சடங்கு. சென்னியப்பனின் மகள் தமிழினியைத் திருச்செங்கோட்டில் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்லம்மாள் போர்வெல் போடுகிற மூன்று ரிக் லாரிகளைத் தனியாளாக வைத்து நடத்துகிறவர். அந்தச் சம்பந்தம் கைகூட சென்னியப்பன் எத்தனை பேர் வீட்டில் காபி குடித்தார் என்பது தெருவுக்கே தெரியும். பத்தரைக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். தம்பி பொண்டாட்டி வேண்டுமென்றே தண்டை அறுத்து வைத்திருக்கிறாள் என்று அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. கமலவேணிக்கோ இருப்பதே அந்த ஒரு லாரிதான். அது போனால் புருஷன் அடுத்தவன் வண்டிக்கு டிரைவராகப் போகவேண்டியதுதான்.

பள்ளிபாளையத்திலிருந்து ரெக்கவரி வண்டியோடு ஈஸ்வர் வந்தபோது மணி ஒன்பதே முக்கால். அதற்குள் சென்னியப்பன், களத்துக்கு இழுத்துவிடலாம் என்று, தன் டிராக்டரை லாரிக்கு முன்னால் கொண்டுவந்து கயிற்றால் கட்டிவிட்டிருந்தார். டிராக்டர் சீட்டில் அவருடைய ஆள் மாரி. யாராவது 'இறங்குடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

ஈஸ்வர் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"ஏனுங்க, பிரேக் பூஸ்டர் போல்ட்ட யாருங்க திருகுனது?"

"நான்தான்" என்றார் சென்னியப்பன். "இருவது வருசம் ஸ்டீயரிங் புடிச்சவன். பிரேக்க உடாம வண்டி நவுருமா?"

"நவுராதுங்க. ஆனா இரும்பு ஒயரைக் கட்டிப்போட்டுத்தான் பிரேக்க உடோணும். இப்ப இதைப் புடிச்சிட்டிருக்கறது பிரேக் இல்லீங்க, முன்சக்கரத்துக்குக் குடுத்திருக்கற ரெண்டு கட்டைதான்."

மேல் ரோட்டுப் பக்கம், பின்னாலிருந்து, ஒயர் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவேண்டும் என்றான் ஈஸ்வர். "மேட்டுப்பக்கம் இழுத்தா வண்டி நம்மளைக் கெஞ்சும். பள்ளத்துப்பக்கம் இழுத்தா நாம வண்டியக் கெஞ்சோணும்." பதினெட்டு டன் உருள ஆரம்பித்தால் டிராக்டரை ஏறி மிதித்துக்கொண்டு போய்ப் பாப்பாயி வீட்டு அடுப்பங்கரையில்தான் நிற்கும் என்றும் சொன்னான். மாரி சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

சென்னியப்பன் காதில் எதுவும் ஏறவில்லை. பொண்ணு காரியம் நடக்கிற வீட்டு முன்னால் ஒரு வண்டி பின்பக்கமாகப் போனால் சம்பந்தமும் அப்படியே போய்விடும், இது தெரியாதவனெல்லாம் ரெக்கவரிக்கு வந்துவிட்டான் என்று ஈஸ்வரின் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்தார். ஈஸ்வர் தன் வண்டியைச் சரிவின் மேலே நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டு, ஒயரை இழுத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் போய்விட்டான்.

சத்தத்துக்கு நடுவே அதை யாரும் கவனிக்கவில்லை. தண்டாயுதபாணி அண்ணன் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவன். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சென்னியப்பன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்து வலப்பக்கத்துக் கட்டையைத் தட்டிவிட்டார். லாரி அசையவில்லை. அவருக்கு அது தெம்பாகிவிட்டது. இடப்பக்கம் வந்தார். அங்கே கமலவேணி கட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி."

"மாட்டேன். என் சோறு இதுல இருக்குது."

"கடைசியாச் சொல்றேன் புள்ள. அடிப்பேன்."

"அடிங்க. தம்பி ஊட்டக் கெடுத்தாச்சு. தம்பி பொண்டாட்டி எம்மாத்திரம்."

அடித்தார். அவளை அல்ல, கட்டையைத்தான். ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் பயந்து எழுந்துவிடுவாள் என்று நினைத்ததாகப் பிற்பாடு பத்துப் பேரிடம் சொன்னார். கட்டை துள்ளிப் போனது. கமலவேணி பக்கவாட்டில் விழுந்தாள். மாரி டிராக்டரிலிருந்து குதித்தான். லாரி ஒரு முனகலோடு ஒரு சாண் முன்னால் உருண்டது. சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவே இன்னொரு சாண்தான் இருந்தது.

அங்கேயே நின்றது. பின்னால் ஒயர் விறைத்து நின்றது. ஈஸ்வர் கொக்கியை மாட்டி முடித்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கமலவேணிக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சைப் பட்டுச்சேலையின் கரை. நல்லம்மாள். ரோட்டு மேலேயே கார்கள் நின்றுவிட்டதால் இறங்கி நடந்து வந்தவர், எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ. ரிக் லாரிகளைக் கட்டி மேய்க்கிற பெண்ணுக்கு என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றார் சென்னியப்பன், சம்மட்டியைக் கீழே வைக்க மறந்து.

"வண்டி போனா வேற வாங்கிக்கலாமுங்க" என்றார் நல்லம்மாள். "ஆளு உக்காந்திருக்கறதப் பாத்துப்போட்டே கட்டைய அடிக்கறவரு ஊட்டுல, நாளைக்கு எம்பையன் எங்க உக்காருவான்?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கூடவே தாம்பாளம் தூக்கி வந்த பெண்களும் திரும்பினார்கள்.

கமலவேணியின் முழங்கை சிராய்த்திருந்தது. பட்டுச்சேலையோடு தமிழினிதான் ஓடிவந்து, தலைப்பால் ரத்தத்தை ஒற்றினாள். "ஊட்டுக்குள்ள போடி" என்று அப்பன் கத்தியது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஈஸ்வர் ஈரச்சாக்கு இரண்டு கேட்டு வாங்கி ஒயர்மேல் போட்டான். அறுந்தால் ஒயர் வீசி ஆளை வெட்டும், சாக்கு கிடந்தால் அங்கேயே விழும் என்றான். தெரு சனத்தை விலக்கி நிறுத்தினான். கமலவேணியே கட்டையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முழம் ஏறினதும் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். முக்கால் மணி நேரத்தில் லாரி பின்பக்கமாகவே ரோடு ஏறியது.

ஈஸ்வரையும் தமிழினியையும் முடிச்சுப் போட்டுப் பேசின வாய்களும் தெருவில் உண்டு. அவனுக்குப் பள்ளிபாளையத்தில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு சப்பென்று ஆகிவிட்டது. நல்லம்மாளின் மகனுக்கு ஆவணியிலேயே சங்ககிரியில் பெண் அமைந்தது. தமிழினியை அடுத்த தையில் மேச்சேரிப் பக்கம் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிற வீட்டில் கொடுத்தார்கள். பத்திரிகையில் சித்தப்பா பெயரும் இல்லை, சித்தி பெயரும் இல்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் சென்னியப்பன் வீட்டை ஒரு முட்டை வியாபாரிக்கு விற்றுவிட்டு, மனைவியின் ஊரான ராசிபுரத்துக்குக் குடிபோய்விட்டார். தம்பியிடம் 'வாங்கிக்கறியா' என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.